நிறமில்லாத களிம்பு

அண்ணாமலை நகர்
14.6.2009

அண்ணி,

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனதற்குச் சமையல் காரணம் இல்லை. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் பேசியதும் காரணம் இல்லை. அவர் பேச்சு எனக்குப் பழகிவிட்டது.

நீங்கள் சோறு பிசைந்தபோது உங்கள் விரல்களைப் பார்த்தேன். நுனிகளில் தோலே இல்லை. புளி பட்டதும் ஒரு நொடி கையை எடுத்தீர்கள். பிறகு மறுபடி பிசைந்தீர்கள். அதற்குமேல் எனக்கு இறங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். வீட்டில் இருப்பது ஒரே போன். அதுவும் அண்ணன் சட்டைப்பையில். இதை அவர் காதுபட எப்படிச் சொல்வது. அதனால் கடிதம்.

பஸ் முழுக்க அதே யோசனை. போன வருஷம் வரை உங்கள் விரல்கள் சிவந்திருக்கும். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்கிற எல்லோரும் சனிக்கிழமை ராத்திரி மருதாணி அரைத்து நுனிவிரல்களில் தடிமனாக அப்பிக்கொள்வீர்கள். ஞாயிறு முழுக்கக் காயும். தோல் இறுகும். முள் குத்தாது, ஐஸ் தண்ணீர் அரிக்காது. இப்போது மருதாணி கூடாது, மஞ்சள் கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டில் வாங்குகிறவனுக்கு இறாலில் சாயம் ஒட்டக் கூடாதாம்.

என் ஆய்வேடு இதைப் பற்றித்தான். வர்த்தகம் திறந்துவிடப்பட்ட பிறகு வளரும் நாடுகளின் கடல் உணவு ஏற்றுமதி. நீளமான தலைப்பு. அதில் மருதாணி எங்கும் வராது.

என் அறையில் இருக்கும் ரேகாவின் அப்பா மருந்துக் கம்பெனி ரெப். சாம்பிள் களிம்பு நிறைய வைத்திருக்கிறாள். புண்ணுக்குப் போடுவது. நிறம் இல்லை, வாசனை இல்லை. சில ட்யூப் வாங்கிக்கொண்டேன். நம் தெரு உத்திராபதி மாமா கண்டக்டராக வருகிற பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். ராத்திரி படுக்கும்போது தடவுங்கள்.

அனு


கடலூர் முதுநகர்
9.7.2009

அன்புள்ள அனுவுக்கு அண்ணி எழுதுவது.

நீ சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்ததுதான் எனக்கு ரெண்டு நாள் உறுத்தியது. நான் ஷெட்டுக்குப் போகிறவள், கையில் எறா வாடை அடிக்கும், அதனால்தான் எழுந்தாய் என்று நினைத்துவிட்டேன். நினைத்ததற்கு நீ ஒன்றும் நினைக்காதே.

களிம்பு வந்து சேர்ந்தது. சொன்னால் நம்பமாட்டாய், நாலே நாளில் தோல் மூடிவிட்டது. எனக்குப் பக்கத்தில் உட்காருகிற கொளஞ்சி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விடவில்லை.

"ஏண்டி மலரு, ஒன் நாத்தனா டாக்டருக்கா படிக்குது?"

"இல்லடி, எக்கனாமிக்ஸு."

"அதுல களிம்புகூட சொல்லித் தராங்களா? எம் பொண்ணையும் அதுலயே சேக்கறேன்."

அவளுக்கும் கொடுத்தேன். பிறகு மேசையில் எல்லோரும் கேட்டார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது. எல்லோர் விரலும் ஒரே மாதிரிதானே வெடித்திருக்கிறது. கையுறை கொடுக்கிறார்கள், ஆனால் இன்ஸ்பெக்ஷன் வருகிற அன்றைக்கு மட்டும். மற்ற நாளில் போட்டால் கை ஓடாது. எங்களுக்குக் கிலோவுக்குத்தானே கூலி.

காலையில் உள்ளே போகும்போது சூப்பர்வைசர் அந்தோணிசாமி வாசலில் நிற்பார். "கைய நீட்டு" என்பார். திருப்பிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். என் கையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கை இவ்வளோ நல்லா இருக்கு, வூட்ல வேலையே செய்யறதில்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

உன் அண்ணன் குளத்துக் கொட்டகையிலேயே கிடக்கிறார். இந்தத் தடவை குத்தகைக் குளத்தில் எறா நன்றாக வந்திருக்கிறது. பக்கத்துக் குளத்துக்காரர்கள் நோய் வந்தால் மருந்து கலக்குகிறார்கள். இவர் தொடவே மாட்டேன் என்று நிற்கிறார். தீனி மட்டும் கொளஞ்சி வீட்டுக்காரர் சின்னையன் கடையில். ரெண்டு பேரும் மச்சான் மச்சான் என்று ராத்திரியெல்லாம் குளத்து மேட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த அறுவடை சுத்தமாகப் போனால் கம்பெனி இடையில் ஆள் இல்லாமல் இவரிடமே நேராக வாங்குமாம். அது நடந்தால் அவருக்கு ஒரு பேர். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

களிம்பு தீரப் போகிறது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. முடிந்தால் அனுப்பு.

அண்ணி மலர்க்கொடி


அண்ணாமலை நகர்
2.8.2009

அண்ணி,

ரேகாவிடம் இருந்ததையெல்லாம் வாங்கிவிட்டேன். இதோடு அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் கரும்பலகையில் இரண்டு கோடுகள். ஒன்று இறங்குகிறது: வரி. ஒன்று ஏறுகிறது: ஏற்றுமதி. இரண்டும் வெட்டும் இடத்தில் சார் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். "நன்மை இங்கேதான் தொடங்குகிறது" என்றார். அந்த வட்டத்துக்குள் அண்ணனை வைத்துப் பார்த்தேன். கொட்டகையோடு, டார்ச் லைட்டோடு. இடம் பற்றவில்லை.

வரி இறங்கினால் சரக்கு போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க வேறு மாதிரி இருக்கிறது. வரியை எடுத்த இடத்தில் பரிசோதனையை வைத்திருக்கிறார்கள். இறாலில் மருந்து நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் கருவி காட்டிக்கொடுக்கும். நூறு கோடியில் ஒன்று. அதைக் கற்பனை செய்ய முயன்றேன். முடியவில்லை. அண்ணன் மருந்து போடாமல் இருப்பது நல்லது. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அனு


கடலூர் முதுநகர்
30.8.2009

அன்புள்ள அனு,

நேற்று நம் குளத்து எறா நான் உட்காரும் மேசைக்கே வந்தது. இப்படி நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கூடையில் குளத்து நம்பர் போட்ட சீட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கொளஞ்சி, "ஒம் புருஷன் வளத்த புள்ளைங்கடி, பாத்து உரி, வலிக்கப் போவுது" என்கிறாள்.

ரத்தம் பட்டால் உன் அண்ணன் சரக்குக்குக் கெட்ட பேர் வந்துவிடும். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். வழக்கமாக ராத்திரிதானே தடவுவோம், நேற்று காலையிலேயே எல்லோர் கையிலும் களிம்பைத் தடவிவிட்டேன். மேசை முழுக்க. அந்தோணிசாமி மோந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. ஒரு சொட்டு ரத்தம் படாமல் உரித்தோம். எறா ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி.

உன் அண்ணன் சாயங்காலம் ஷெட் வாசலில் வந்து நின்றார். உள்ளே விடமாட்டார்கள். கன்டெய்னர் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அண்ணி


கடலூர் முதுநகர்
22.11.2009

அனு,

நீ பதில் போடவில்லை. பரீட்சை என்று நினைத்துக்கொண்டேன்.

கன்டெய்னர் திரும்பிவிட்டது. ஐரோப்பாவில் எந்த ஊர் என்று தெரியவில்லை, அங்கே துறைமுகத்தில் எடுத்துப் பார்த்தார்களாம். மருந்து இருக்கிறதாம். எந்தப் பெட்டி என்று பிரித்துப் பார்த்ததில் நம் குளத்து நம்பர் வந்திருக்கிறது.

கம்பெனி ஆள் குளத்துக்கே வந்து கத்தினான். உன் அண்ணன் அவனை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். கையிலேயே சூடம் ஏற்றி, "நா மருந்து போட்டிருந்தா எங் குடும்பம் வெளங்காம போவட்டும்" என்று சத்தியம் பண்ணினார். ஊரே நின்று பார்த்தது. அந்த ஆள் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்களுக்கு சூடம் வாணாம் சார், லேப் ரிப்போர்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவர் கையில் கொப்புளம். விடிந்ததும், "நா போடல. அப்போ தீனியிலதான் வந்துருக்கணும்" என்றார். எழுந்து சின்னையன் கடைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் நடந்துவிட்டது. "மச்சான், நா ஏன்டா கலக்கப் போறேன்" என்று அந்த மனுஷன் கும்பிட்டுக்கொண்டே நிற்கிறார். இவர் மூங்கில் கழியை எடுத்து வீசிவிட்டார். கண்ணில் பட்டது. ஜிப்மருக்குக் கொண்டுபோனார்கள். இடது கண் போய்விட்டது. உன் அண்ணன் மேல் கேஸ். ரெண்டு வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறார். குத்தகையும் போய்விட்டது.

கொளஞ்சி இப்போது மேசையின் அந்தக் கோடியில் உட்காருகிறாள். என்னைப் பார்ப்பதில்லை. ஆனால் நேற்று வேலை முடிந்து கை கழுவும் இடத்தில் வந்து நின்றாள். கையை மட்டும் நீட்டினாள். நான் களிம்பைப் பிதுக்கி வைத்தேன். தடவிக்கொண்டு போய்விட்டாள்.

கம்பெனி ஆள் எழுதிக்கொடுத்த மருந்துப் பேர் இங்கிலீஷில் இருக்கிறது. சீட்டை இதில் வைத்திருக்கிறேன். இது தீனியில் வருமா, தண்ணீரில் வருமா? படித்துச் சொல். உன் அண்ணன் அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அண்ணி


அண்ணாமலை நகர்
25.11.2009

அண்ணி,

யாருக்கும் தடவாதீர்கள். மிச்சம் இருப்பதை எடுத்து வையுங்கள்.

குளோரம்ஃபெனிகால்.

ட்யூபின் பின்பக்கம் பாருங்கள். மடிப்புக்கு மேலே, பொடி எழுத்தில். உங்கள் சீட்டில் இருக்கும் அதே பெயர். நான் நேற்று முழுக்க நூலகத்தில் இருந்தேன். ரேகாவிடம் கிடந்த காலி ட்யூபையும் சீட்டையும் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அதே பெயர்தான்.

தீனியிலும் வரவில்லை. தண்ணீரிலும் வரவில்லை. காலையில் தடவினீர்கள். உடனே உரித்தீர்கள்.

வரி, பரிசோதனை என்று உங்களுக்கு எழுதியவள் நான். நூறு கோடியில் ஒன்று என்று எழுதியவள். அதே உறையோடு களிம்பையும் அனுப்பினேன். பெயரைப் படிக்கவில்லை. நிறம் இல்லை என்பதை மட்டும் பார்த்தேன்.

சனிக்கிழமை வருகிறேன். அண்ணனிடம் நான் சொல்கிறேன். கம்பெனியிலும்.

அனு


கடலூர் முதுநகர்
27.11.2009

அனு,

வராதே. நாளைக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று இதை உத்திராபதி மாமா பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதத்தை ஷெட் கக்கூஸில் நின்று படித்தேன். மிச்ச ட்யூபைச் சாம்பல் குழியில் புதைத்துவிட்டேன்.

நீ கம்பெனிக்குச் சொல்வாய். உனக்கு மனசு லேசாகிவிடும். அடுத்த நாள் மேசையில் இருக்கிற நாற்பது பேரும் வெளியே நிற்போம். எந்த ஷெட்டிலும் எங்களைச் சேர்க்கமாட்டார்கள். கொளஞ்சி உட்பட. ஒற்றைக்கண் புருஷனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? சின்னையன் கடையில் இப்போது ஒருத்தரும் தீனி வாங்குவதில்லை. அவள் கூலியில்தான் உலை வைக்கிறாள்.

உன் அண்ணனிடம் சொல்வாயா? அவர் கையில் சூடம் ஏற்றியதே இன்னும் ஆறவில்லை. அவருக்கு இப்போது ஒரு எதிரி இருக்கிறான். அதை வைத்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறார். அந்த எதிரி பக்கத்தில் படுத்திருக்கிறவள் என்று தெரிந்தால்? தப்பில்லாத ஆளின் கண்ணை எடுத்துவிட்டோம் என்று தெரிந்தால்?

நீ அனுப்பினாய், நான் தடவினேன். நம் ரெண்டு பேரோடு போகட்டும்.

இதற்குப் பதில் போடாதே.


அண்ணாமலை நகர்
17.1.2010

அண்ணி,

பதில் போட வேண்டாம் என்றீர்கள். பொங்கல் வரை இருந்தேன். பொங்கலுக்கும் வரவில்லை. விடுதியில் நானும் வாட்ச்மேனும் மட்டும்.

ஆய்வேட்டில் ஒரு அட்டவணை. திருப்பி அனுப்பப்பட்ட சரக்குகள். ஆண்டு, சரக்கு, காரணம். சார் என் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் கேட்டார். உங்கள் ஷெட் சரக்கைச் சொன்னேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. "காரணம் என்ன?" என்றார். அவரே, "பண்ணையில் மருந்துப் பயன்பாடு, அப்படியே போட்டுவிடு. நம் விவசாயிகளுக்கு விழிப்புணர்வு இல்லை" என்றார்.

டைப்பிங் கடையில் உட்கார்ந்து டைப் செய்துவிட்டேன். அண்ணி, நான்தான் டைப் செய்தேன். அந்தக் கட்டத்துக்குள் அந்த மூன்று வார்த்தையும் சரியாக அடங்கின.

அண்ணன் கேஸில் என்ன சொல்லப் போகிறார்?

அனு


கடலூர் முதுநகர்
21.2.2010

அனு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அடுத்த மாசம் வாய்தா. சின்னையன்தான் தீனியில் கலந்தான், அந்த ஆத்திரத்தில் அடித்தேன் என்று சொல்லப் போகிறாராம். வக்கீல் சமாதானமாகப் போகச் சொன்னார். முடியாது என்றுவிட்டார். "எம் பேரக் கெடுத்தவன்கிட்ட நா ஏன் போவணும்?"

குளத்தை எடுத்த புது ஆள் இவரையே காவலுக்கு வைத்திருக்கிறான். அதே கொட்டகை, அதே டார்ச் லைட்டு. பகலிலும் வீட்டுக்கு வருவதில்லை. சாப்பாடு நான்தான் கொண்டுபோகிறேன். வாங்கி வைத்துக்கொள்வார். இந்தக் கையால் பிசைந்ததைத் தின்கிறாரே என்று நான் நின்றுகொண்டே இருப்பேன்.

ஷெட்டில் புதுச் சட்டம். விரல் வெடித்தவளுக்கு வேலை இல்லை. மருதாணியும் இல்லை, களிம்பும் இல்லை, வெடிக்கவும் கூடாது. அந்தோணிசாமி முன்னால் கையை நீட்டும்போது விரல்களை உள்ளே மடக்கிக்கொள்கிறோம். திங்கட்கிழமை கொளஞ்சி மாட்டிக்கொண்டாள். "ஆறினதும் வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். போகும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கை வெடிக்காதவ பூரா மகாராணிங்கதான், அவுங்கள வெச்சு எறா உரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. என் விரலும் வெடித்துத்தான் இருந்தது. நான் மடக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

நான் தூங்கி நாளாகிறது. நீ என்ன செய்வாயோ தெரியாது. செய்யாதே என்று சொல்லவும் இப்போது எனக்குத் தெம்பு இல்லை.

அண்ணி


அண்ணாமலை நகர்
3.3.2010

அண்ணி,

நேற்று முதுநகர் வந்தேன். நீங்கள் ஷெட்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தேன்.

முதலில் கொளஞ்சி அக்கா வீட்டுக்குப் போனேன். கண்ணை இழந்ததும் அந்த வீடு, வேலை போகக்கூடியதும் அந்த வீடு. அவர்களைக் கேட்காமல் நான் எதுவும் செய்ய முடியாது என்று பட்டது. சின்னையன் மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்பினார். ரேகாவிடம் இருந்த ஒரு காலி ட்யூபைக் கொண்டுபோயிருந்தேன். பெயரைப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே இப்போதுதான் தெரிந்தது என்றேன். அது பொய்.

மாமா ட்யூபை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "அப்போ நா கலக்கல" என்றார். "நானே நம்பிட்டேன் பாப்பா. மில்லுக்காரன் மூட்டையில எதாச்சும் போட்டிருப்பானோன்னு ராத்திரி ராத்திரி யோசன."

கொளஞ்சி அக்கா ட்யூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. "இதான?" என்றார். ஆமாக்கா என்றேன். வெளியே போய் வாசலில் நின்றார். அடிக்க வருவார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

திரும்பி வந்து சொன்னார்: "கம்பெனிக்குச் சொல்லாத. மேசையில நாப்பது பேரு இருக்கோம். ஒங்கண்ணன்கிட்ட சொல்லு. கோர்ட்டுல எம் புருஷன் பேர எடுக்கக் கூடாது. அது போதும்."

நான் எழுந்தபோது கையை நீட்டினார். விரல்கள் ஐந்தும் வெடித்திருந்தன. "இதுக்கு வேற எதாச்சும் இருக்கா?"

இல்லைக்கா என்றேன்.

அங்கிருந்து குளத்துக்கு நடந்தேன். அண்ணன் கொட்டகைக்கு வெளியே வலை தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லத் தைத்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் ட்யூபைக் கேட்டார். காலி ட்யூபை அழுத்தி அழுத்தி, நுனியில் ஒரு துளி வந்தது. கட்டைவிரலில் தேய்த்து மோந்து பார்த்தார்.

"வாசனையே இல்ல" என்றார்.

கொளஞ்சி அக்கா சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினார். "கோர்ட்டுல சொல்ல மாட்டேன்." கொஞ்சம் கழித்து, "அப்போ எம் பேரு?"

கம்பெனிக்குச் சொன்னால் அவர் பெயர் திரும்பும். சொல்லக் கூடாது. அது அவருக்கும் தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குளத்தைப் பார்த்தார்.

கிளம்பும்போதுதான் கேட்டார்.

"மலருக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அண்ணிக்கு ஒன்றுமே தெரியாது, நான் அனுப்பினேன், சொன்னபடி செய்தார்கள், அவ்வளவுதான் என்றேன். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னேன்.

அண்ணி, உங்களுக்குத் தெரியாது. அவர் இன்றைக்குக் கேட்டாலும், பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும். அவரே வந்து சொல்வார். அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பதுபோல நீங்கள் கேட்க வேண்டும். அது எப்படி என்று எனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை. இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். இனி நான் எழுதமாட்டேன்.

கடைசி பஸ்ஸில் உத்திராபதி மாமாதான் வந்தார். அண்ணி ஏதாவது கொடுத்தனுப்பினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இன்று காலை டைப்பிங் கடைக்குப் போனேன். அட்டவணையில் அந்தக் காரணத்தை அழித்தேன். கட்டத்தைக் காலியாக விட்டு, ஆய்வேட்டைத் துறையில் கொடுத்துவிட்டேன்.

அனு